விலாவில் ஒரு குத்து

சேசு மரி சூசை

பெரியாறு முகாம்
1892 அக்டோபர் 9

என் பிரியமுள்ள வியாகுலத்துக்கு உன் அமிர்தராஜ் எழுதிக்கொள்வது.

இங்கு நான் சுகம். அங்கு நீயும் அத்தையும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். உன்னைப் பேறுகாலத்துக்குத் தாய்வீட்டில் விட்டுவிட்டு மலை ஏறினேன் அல்லவா, அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. கூடலூர்ச் சூளையில் இருந்த வரைக்கும் சுண்ணாம்பைச் சுட்டு அனுப்பினால் என் வேலை முடிந்தது. இங்கே அணைக்கட்டில் சுண்ணாம்பு மூட்டைக் கிட்டங்கிக்குக் கணக்கனாகப் போட்டபிறகு, அதை நனையாமல் காப்பதே பெரும்பாடாக இருக்கிறது. போதாததற்கு அட்டைக்கடி. காலைச் சொறிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன். இருந்தும் விடிந்தால் தலை கனக்கிறது, நாக்கு மரக்கட்டையாய்க் காய்ந்து கிடக்கிறது. பகலில் பேனா கையில் இருக்கும்போதே கண் செருகிவிடுகிறது. நேற்று துரை வந்து என் எதிரே நின்றதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். "அபினி தின்கிறாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். இன்னொரு தரம் பார்த்தால் சீட்டைக் கிழித்துவிடுவாராம். சுருட்டுக்கூடப் பிடிக்காத எனக்கு இந்தப் பெயர்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கலியாணமான நாள்முதல் நீ தூக்கத்தில் முழங்கையால் என் விலாவில் குத்துவாயே, அந்தக் கன்றிப்போன தடம் இப்போதுதான் மறைந்தது. தூங்கும்போதும் சண்டைக்காரி என்று வண்டிக்கார ஒச்சாண்டியிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தால், அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அமிர்தராஜ்

* * *

சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
1892 அக்டோபர் 16

என் நாயகரின் பாதத்துக்கு வியாகுலமேரி தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

நான் தூக்கத்தில் குத்துகிறேனாக்கும்! அதை வண்டிக்காரர் வரைக்கும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. நல்லது, சிரியுங்கள்.

எனக்குத் தூக்கமே இல்லை. வந்த நாள் முதல் இதே கதைதான். படுத்தால் கண் மூடுகிறது, உடனே யாரோ உலுக்கினாற்போல் விழித்துக்கொள்கிறேன். எழுந்து உட்காருகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், கதவைத் திறந்து பார்க்கிறேன். அம்மா என் தலையில் விளக்கெண்ணெயை வழிய வழிய வைத்து, தலையணைக்குள் மருதாணிப்பூவைத் திணித்து, கசகசாவை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்து, கடைசியில் அந்தோணியார் கோயில் எண்ணெயையும் நெற்றியில் பூசிப் பார்த்துவிட்டார்கள். "ஏண்டி, புள்ளைத்தாச்சி இப்படி முழிச்சுக் கிடந்தா உள்ள இருக்குற உசுரு எப்பிடித்தாண்டி தூங்கும்?" என்று என்னைத் திட்டிவிட்டு, அவர்கள் போய்க் குறட்டை விடுகிறார்கள். அந்தக் குறட்டை காதில் விழுந்தால் எனக்கு இன்னும் மோசம்.

மருத்துவச்சி சுருளியம்மாள் வந்து கை பிடித்துப் பார்த்தாள். "எம்புட்டு நாளா ஆத்தா இப்படி? புருசன் வீட்டுல தூங்கினயா?" என்று கேட்டாள். அங்கேயும் ராத்திரியில் அவ்வளவாகத் தூங்கியதில்லை, மத்தியானத்தில் கொஞ்சம் தலை சாய்ப்பேன் என்றேன். "இது சூடு இல்லை. மனசுல என்னமோ கிடக்கு, அதைத் துப்பிரு" என்று சொல்லிப் போனாள். துப்புகிற காரியமாக இருந்தால் துப்பியிருக்க மாட்டேனா?

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் உங்கள் பக்கத்தில் படுப்பது யார்? மறைக்காமல் எழுதவும்.

தங்கள் அடிமை
வியாகுலமேரி

* * *

சேசு மரி சூசை

பெரியாறு முகாம்
1892 அக்டோபர் 24

வியாகுலத்துக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்றா கேட்கிறாய்? கர்ப்பஸ்திரீக்கு மனம் அலைபாயும் என்பார்கள், அதற்காகப் புருசன்மேல் இப்படி ஒரு சந்தேகமா? இந்த முகாமில் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று உன்னிடம் யார் கோள் மூட்டியது? சூசையப்பர் பாதத்தைத் தொட்டுச் சொல்கிறேன், நான் அப்படிப்பட்டவன் இல்லை.

உன் மனம் ஆறட்டும் என்றே எழுதுகிறேன், என் பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. முதலில் ஆண்கள் கொட்டகையில் எல்லாரோடும்தான் படுத்திருந்தேன். என் குறட்டையில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை என்று கூடிப் பேசி, மரியாதையாகத் துரத்திவிட்டார்கள். இப்போது கிட்டங்கியின் ஒரு மூலையில், சாக்குகளுக்கு நடுவே தன்னந்தனியே படுக்கிறேன். யானை வந்து தள்ளும் என்று பயந்து கனமான கதவாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் யாராலும் திறக்க முடியாது. போதுமா? இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கு.

உனக்குத் தூக்கம் வராத விஷயத்தை இங்குள்ள ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயாவிடம் சொல்லி மருந்து கேட்டேன். பார்க்காத நோயாளிக்குக் கொடுக்கமாட்டாராம், அதிலும் கர்ப்பிணிக்குக் கொடுக்கவே மாட்டாராம். நல்ல மனுசன்தான், ஆனால் பிடிவாதக்காரர். விட்டுவிடுவேனா? உனக்குப் பிரசவம் ஆனபிறகு வேறு வழி பார்க்கிறேன்.

உன் சந்தேகத்தை மன்னித்துவிட்டேன்.

அமிர்தராஜ்

* * *

சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
1892 அக்டோபர் 30

என் நாயகருக்கு,

தனியாகவா? உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டா? ஐயோ, என் மாதாவே!

நான் பெண்களைப் பற்றியா கேட்டேன்? பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும் என்றுதான் கேட்டேன். இதைப் படித்தவுடன் மறுபடியும் கொட்டகைக்கே போங்கள். அவர்கள் திட்டினால் திட்டட்டும். குறட்டைக்காகத் துரத்தினால் அவர்கள் காலில் விழுங்கள். அதுவும் முடியாது என்றால் ஒச்சாண்டியையாவது கிட்டங்கியில் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டால் மாங்காய் பறித்துத் தருகிறார்கள் இல்லையா, அதைப்போல இதையும் செய்யுங்கள்.

இத்துடன் ஒச்சாண்டி கையில் உங்கள் உள்சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன். முதுகுப் பக்கம் பை தைத்து, அதற்குள் அரைத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை வைத்து மூடியிருக்கிறேன். எனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று அந்தோணியாருக்கு நான் நேர்ந்துகொண்டது இது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் ராத்திரி தவறாமல் போட்டுக்கொண்டுதான் படுக்கவேண்டும். மல்லாந்து படுத்தால் உறுத்தும், அப்போது ஒருக்களித்துக்கொள்ளுங்கள். கழற்றினால் நேர்ச்சை பங்கப்பட்டுப்போகும்.

கள், சாராயம் யாராவது ஊற்றினால் ஒரு வாய்கூட வேண்டாம்.

அம்மா இந்தச் சிரட்டையைப் பார்த்துவிட்டு எனக்குப் புத்தி பேதலித்ததென்று சாமியாரிடம் போய் அழுதிருக்கிறார்கள். அழட்டும்.

வியாகுலமேரி

* * *

சேசு மரி சூசை

பெரியாறு முகாம்
1892 நவம்பர் 12

என் செல்லச் சண்டைக்காரிக்கு,

சட்டை வந்து சேர்ந்தது. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்வார்கள், மொட்டை நேர்வார்கள். சிரட்டை நேர்ந்ததை உங்கள் இராயப்பன்பட்டியிலிருந்துதான் கேள்விப்படுகிறேன். ஒச்சாண்டி பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க கணக்கப்பிள்ளை, ஆத்தா உங்களை ஆமையாக்கிருச்சு" என்று முகாம் முழுக்கப் பரப்பிவிட்டான்.

இருந்தாலும் உனக்காக ஒரு நாள் விடாமல் போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் முதுகில் குத்திப் படுக்கவே முடியவில்லை. அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இப்போது சிரட்டை வயிற்றின்மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, நானும் மல்லாந்து சுகமாகப் படுக்கிறேன். நேர்ச்சையும் பங்கப்படவில்லை, முதுகும் பிழைத்தது. உன் புருசன் மூளையைப் பார்த்தாயா?

கொட்டகைக்கு மட்டும் போகமாட்டேன். துரத்தின இடத்தில் மறுபடி பாயை விரிக்க எனக்கும் ரோஷம் உண்டு.

தூக்க மருந்து ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம், குளோரல் என்று பெயர். தூக்கம் இல்லை என்று நானே நோயாளியாகப் போய் வாங்கி, பிரசவம் ஆனதும் உனக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஆனால் டிரெஸ்ஸர் ஐயா தம் கண்ணெதிரேதான் குடிக்கவைப்பாராம். காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவைச் சிலர் வெளியில் விற்றுவிட்டார்களாம், அதனால் இந்தச் சட்டம். அதற்கும் வழி வைத்திருக்கிறேன், வந்து சொல்கிறேன்.

பகலில் இன்னும் தூங்கி விழுகிறேன். நேற்று சாக்கு எண்ணும்போது நின்றபடியே தூங்கிவிட்டேன். துரை என்னைப் பார்க்கும் பார்வை நன்றாக இல்லை.

அமிர்தராஜ்

* * *

சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
1892 நவம்பர் 18

என் உயிரான நாயகருக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒச்சாண்டியிடம் கொடுக்கிறேன். அரிசி வண்டியோடு இன்று மலை ஏறுகிறாராம். உங்கள் கையில் கொடுத்தாலொழிய அங்கிருந்து நகரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இடுப்பு வலி விட்டு விட்டு வருகிறது. எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது, அதனால் இனியும் மறைக்க முடியாது.

நான் தூக்கத்தில் உங்களைக் குத்தியதே இல்லை. விழித்திருந்துதான் குத்தினேன்.

நம் கலியாண ராத்திரியிலேயே ஆரம்பித்தது. நீங்கள் குறட்டை விட்டீர்கள், திடீரென்று அது நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். மூச்சையே காணவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்று இல்லை. மாதாவின் பிரியதத்த மந்திரத்தைப் பாதி சொல்லியும் மூச்சு வரவில்லை. பயத்தில் கத்தக்கூட வாய் எழவில்லை, முழங்கையால் குத்தினேன். உடனே ஒரு பெரிய மூச்சை இழுத்து, புரண்டு படுத்துத் தூங்கிவிட்டீர்கள். அப்புறம் மறுபடியும் அதே கூத்து. ராத்திரி முழுக்க இப்படித்தான். மல்லாந்து படுத்தால் ரொம்ப மோசம், ஒருக்களித்தால் குறையும், கள் குடித்த அன்றைக்கு மகா மோசம். அந்த ராத்திரி முதல் உங்களை விட்டு வந்த நாள்வரை நான் காவல் இருந்தேன். நீங்கள் சூளைக்குப் போனபிறகு தூங்கினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வேன்? தாலி கட்டியவரைப் பார்த்து, நீங்கள் ராத்திரிக்கு ராத்திரி செத்துச் செத்துப் பிழைக்கிறீர்கள் என்று ஒரு பெண்பிள்ளை வாயால் சொல்லலாமா? சொன்னால் அது பலித்துவிடும் என்று பயந்தேன். உங்களைப் பெற்ற மாமாவும் இராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை, சூசையப்பர் கொடுத்த நல்ல மரணம் என்று ஊரே புகழ்கிறது. அந்த நல்ல மரணம் உங்களுக்கு வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும்.

அந்தோணியாருக்கு நான் நேரவும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரட்டை உங்கள் முதுகுக்குத்தான். வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுக்கிறீர்களே, பாவி மனுசனே! அந்தத் தூக்க மருந்தைத் தொடவே தொடாதீர்கள். கள்ளே உங்களை அந்தப் பாடு படுத்துமென்றால் அது என்ன செய்யும்? பகலில் நீங்கள் தூங்கி விழுவதும், ராத்திரியில் நீங்கள் தூங்காமல் மூச்சுக்கு முட்டிக்கொண்டு கிடப்பதனால்தான். அபினியும் இல்லை, சோம்பலும் இல்லை. துரையிடம் இதைச் சொல்லுங்கள்.

தாழ்ப்பாளைப் போடாதீர்கள். உடனே பதில் எழுதுங்கள்.

வியாகுலம்

* * *

சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
1892 டிசம்பர் 4

என் நாயகருக்கு,

பதில் இல்லை.

பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள். நல்ல நிறம், உங்கள் மூக்கு. நேற்று சவேரியார் திருநாளில் ஞானஸ்நானம் ஆயிற்று, சவேரியம்மாள் என்று பெயர் வைத்தோம். இதைக் கேட்டாவது எழுதுங்கள்.

கூடலூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிக்காரர்களை எல்லாம் அம்மாவை விட்டு விசாரிக்கிறேன். ஒருவரும் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். தெரியாமல்தான் சொல்கிறார்களா, பச்சை உடம்புக்காரியிடம் சொல்லவேண்டாம் என்று மறைக்கிறார்களா? அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைக்கிறார்கள். கேட்டால் புகை என்கிறார்கள்.

பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. நான்தான் அதன் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். "ஏத்தா, அது பாட்டுக்கு உறங்குது, அதை ஏன் நோண்டுறே?" என்று சுருளியம்மாள் கையில் அடித்தாள். அவளிடமும் சொல்லி அழுதுவிட்டேன். மனசில் கிடந்ததைத் துப்பிவிட்டேன், அப்படியும் தூக்கம் வரவில்லை.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும்.

வியாகுலம்

* * *

சேசு மரி சூசை

பெரியாறு முகாம்
1892 டிசம்பர் 5

வியாகுலத்துக்கு,

எழுத உட்காருவதும் கிழிப்பதுமாக நாள் போய்விட்டது. பயப்படாதே, உயிரோடு இருக்கிறேன். உன்னால்தான் இருக்கிறேன்.

ஒச்சாண்டி உன் கடிதத்தோடு வந்த அன்று சாயங்காலம்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்தை வாயிலேயே அடக்கிக்கொண்டு, வெளியே வந்து சீசாவில் துப்பி உனக்கு எடுத்து வைப்பதாக என் யோசனை. வாயில் ஊற்றியதும் டிரெஸ்ஸர் ஐயா, "எங்கே, நாக்கை நீட்டு" என்றார். விழுங்காமல் எப்படி நீட்டுவது? விழுங்கிவிட்டேன். கிட்டங்கிக்கு வந்து தாழ்ப்பாள் போட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் ஒச்சாண்டி சொல்லித்தான் தெரியும்.

"கதவைத் தட்டினேன், உள்ள ஒரே குறட்டை. சரி, விடியக்காத்தால குடுத்துக்கலாம்னு திரும்புனேன். உங்க கையில குடுத்தாத்தான் நகரணும்னு ஆத்தா சத்தியம் வாங்கியிருச்சே, அதனால அங்கனயே நின்னேன். குறட்டை நின்னுச்சு. முழிச்சிட்டாகன்னு கூப்பிட்டேன், பேச்சுமூச்சைக் காணோம். கடப்பாரையை விட்டுக் கதவை நெம்பிட்டேன். உள்ள போனா மூஞ்சி நாவப்பழமாட்டம் கறுத்துக் கிடக்கு. படுத்த மாட்டை எழுப்புறாப்புல விலாவுல ஒரே மிதி."

அந்த மிதியில்தான் மூச்சு வந்ததாம். விடிகிற வரைக்கும் உட்கார்ந்து உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். காலையில் எழுந்து உன் கடிதத்தைப் படித்தேன். சுண்ணாம்புச் சாக்கின்மேல் உட்கார்ந்து சின்னப்பிள்ளையாட்டம் அழுதேன்.

டிரெஸ்ஸர் ஐயாவிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் ராத்திரி அவரே பக்கத்தில் இருந்து பார்த்தார். தூக்கத்தில் என் தொண்டை உள்ளே அடைத்துக்கொள்கிறதாம். இதற்கு மருந்து தெரியாது, ஆனால் இனி எந்தத் தூக்க மருந்தும் ஆகாது, ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும் என்றார். சிரட்டையை முதுகுப் பக்கம் திருப்பச் சொன்னார். துரையிடமும் அவரே பேசினார். இப்போது ஆண்கள் கொட்டகையில் படுக்கிறேன், ஒச்சாண்டி மலை இறங்காமல் பக்கத்தில் இருந்து மிதிக்கிறான். பகலில் கண் செருகுவது பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. குடும்பத்தோடு இருக்க மறுபடியும் கூடலூர்ச் சூளைக்கே போகிறாயா என்று துரை கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வியாகுலம். யோசித்துத்தான் சொன்னேன். கலியாணமான நாள்முதல் உன் தூக்கத்தை நான் தின்றிருக்கிறேன். அதைச் சண்டைக்காரி என்று ஊருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனி கைப்பிள்ளையும் வந்துவிடும், அதற்கும் விழித்து எனக்கும் விழித்தால் நீ என்ன ஆவாய்? நீ தாய்வீட்டிலேயே இரு. மாதாமாதம் வேண்டியதை அனுப்புகிறேன், திருநாளுக்குத் திருநாள் பகலில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் கிளம்பிவிடுகிறேன். நீ தூங்கு. அது ஒன்றுதான் நான் உனக்குச் செய்யக்கூடியது.

அமிர்தராஜ்

* * *

சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
1892 டிசம்பர் 13

என் உயிரான நாயகருக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே அம்மா, "இருக்காக, இருக்காக!" என்று தெருவுக்கு ஓடிவிட்டார்கள். நான் காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

ஒச்சாண்டி பக்கத்தில் படுக்கிறார் என்கிற இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். படித்துக்கொண்டே கண்ணை மூடியவள்தான். பிள்ளை பாலுக்குக் கத்தியும் எழவில்லையாம், அம்மாவே தூக்கி வந்து என் மார்பில் போட்டிருக்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியாது. விடிந்து வெயில் ஏறி எழுந்தேன். உடம்பு இறகாட்டம் இருந்தது. மருதாணிப்பூ வேலை செய்துவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும், ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள்.

ஆகையால் என் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டும் என்னைத் தாய்வீட்டில் இரு என்கிறீர்களே, உங்களை என்ன சொல்லித் திட்டுவது? என் தூக்கத்தைத் தின்றேன், தின்றேன் என்று உருகுகிறீர்கள். அது என் தூக்கம், நான் கொடுத்தேன். உங்களை யார் திருப்பிக் கேட்டது? திருநாளுக்கு வந்து பகலில் பார்த்துவிட்டு இருட்டுமுன் போவதற்கு நீங்கள் என்ன எனக்குச் சம்பந்தியா? இங்கன கிடந்து ஒச்சாண்டி இன்றைக்கு மிதித்தாரா, அசந்து தூங்கிவிட்டாரா என்று காலம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள்.

நாளைக்கே துரையிடம் போய்க் கூடலூர்ச் சூளைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். சேசு பிறந்த திருநாள் பூசைக்கு இங்கே வாருங்கள். மூன்றாம் மாதம் அனுப்புவதுதான் முறை என்று அம்மா முனகுகிறார்கள், நான் நாற்பது நாள் கழிந்ததும் கிளம்பிவிடுவேன். ஏற்பாடும் செய்துவிட்டேன், கேளுங்கள். ராத்திரி சிரட்டைச் சட்டையோடு நீங்கள் படுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் எப்படியும் விழிப்பேன், அப்போது உங்களையும் பார்த்துக்கொள்வேன். கோழி கூவினதும் நீங்கள் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்ளவேண்டும். வெயில் ஏறும் வரைக்கும் நான் தூங்குவேன், கஞ்சிகூட நீங்கள்தான் வைக்கவேண்டும். ஊர் சிரித்தால் ஆமையைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே என்று விட்டுவிடுங்கள்.

ஒச்சாண்டிக்கு என் தோத்திரம் சொல்லுங்கள். அவர் செய்ததை என் மகளுக்கும் சொல்லி வளர்ப்பேன். அவர் மிதித்த விலாவுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவிக்கொள்ளுங்கள், வருமுன் ஆறிவிடவேண்டும். அது என்னுடைய இடம்.

உங்கள் சண்டைக்காரி
வியாகுலம்